கானாவிலிருந்து அரிவாள் ஆர்டர்: நம்பி அனுப்பலாமா?

வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா. பத்தாங் பெர்ஜுந்தையில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. அப்பா தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். வேலையை விட்ட பிறகு டவுனில் கடை எடுத்து, செம்பனைக் குலை வெட்டும் அரிவாளும் உளியும் அடிக்க ஆரம்பித்தார். இப்போது நானும் தங்கச்சியும் நடத்துகிறோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் கொடுப்பதோடு சரி. வெளிநாட்டுக்கு ஒரு துண்டு இரும்புகூட அனுப்பியதில்லை.

போன மாதம் கானாவிலிருந்து ஒரு கம்பெனி வாட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டது. 3,000 அரிவாளும் 1,000 உளியும் வேண்டுமாம். ஏறக்குறைய 130,000 மலேசிய வெள்ளி வரும். சரக்கு போய்ச் சேர்ந்து 90 நாள் கழித்துப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். இதற்கிடையில், அவர்களுடைய ஆள் என்று சொல்லிக்கொண்டு இன்னொருவர், இரு நாட்டு ஒப்பந்தத்தின்கீழ் அரசாங்க சப்ளையராகப் பதிய 1,800 டாலர் கட்டச் சொல்கிறார். எங்கள் ஊர் அரசியல் பிரமுகர் ஒருவரிடம் கேட்டேன். "மலேசியாவுக்கும் கானாவுக்கும் ரொம்ப நல்ல உறவு, பயப்படாமல் செய்" என்றார். அப்பாவோ, "செம்பனையே அவங்க ஊரு மரம், அவங்க எதுக்கு நம்மகிட்ட அரிவாள் வாங்கணும்?" என்று சந்தேகப்படுகிறார். வங்கியில் கடன் எடுத்தாவது செய்வோம் என்கிறாள் தங்கச்சி. கானாவுக்கும் நமக்கும் உண்மையில் என்ன உறவு? ஏதாவது ஆனால் நம் தூதரகம் பணத்தை வாங்கிக் கொடுக்குமா? வரிச் சலுகை உண்டா? கடைசியாக ஒன்று: அரிவாளில் எங்கள் முத்திரைக்குப் பதில் அவர்களுடைய முத்திரையைக் குத்தச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்

தம்பி, முதலில் அந்த 1,800 டாலர். ஒரு காசுகூடக் கட்டாதீர்கள். எந்த இரு நாட்டு ஒப்பந்தமும் தனியாள் ஒருவருடைய கணக்கில் பணம் போட்டுப் பதிந்துகொள்ளும்படி எழுதப்படுவதில்லை. கானாவில் அரசாங்கக் கொள்முதலுக்கு 2003-ஆம் ஆண்டின் சட்டப்படி தனி ஆணையம் இருக்கிறது. டெண்டர் என்றால் அந்த வழியில்தான் வரும். அதுவும் போக, உங்களிடம் அரிவாள் கேட்பது ஒரு தனியார் கம்பெனி. தனியாருக்கு விற்க நீங்கள் ஏன் அரசாங்க சப்ளையராகப் பதிய வேண்டும்? இந்த ஆள் உண்மையிலேயே அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவரா என்று கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று வந்தால் ஆர்டர் பிழைக்க வழி இருக்கிறது. ஆமாம் என்று வந்தால் இந்தப் பதிலின் மிச்சத்தைப் பொது அறிவுக்காகப் படித்துக்கொள்ளுங்கள்.

இல்லை என்று வந்ததாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். ஏனென்றால் ஆர்டரே பொய்யாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா கேட்டது நல்ல கேள்வி. வங்கியின் வெளிநாட்டு வணிகப் பிரிவில் இருந்த காலத்தில் நானும் முதலில் அப்படித்தான் கேட்பேன்: அவர்களுக்கு இந்தப் பொருள் நம்மிடமிருந்து ஏன் வேண்டும்?

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம்தான். கானா, நைஜீரியா, கேமரூன் பக்கம் அது காட்டோரத்திலும் வீட்டோரத்திலும் தானாக முளைத்து நின்றது. நம் பக்கம் வந்த கதை 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளில் தொடங்குகிறது. அவற்றின் வித்து சுமத்ராவின் டெலிக்குப் போய், அங்கிருந்து மலாயாவுக்கு வந்தது. ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் வணிக முறையில் முதல் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது எங்கே என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டம்தான் அது.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கானாக்காரரோடு வியாபாரம் பேசினால், "எங்கள் விதையை எடுத்துக்கொண்டு போய்த்தானே நீங்கள் பணக்காரர் ஆனீர்கள்" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்வார். நைஜீரியர்களும் சொல்வார்கள். 1960-களில் மலேசிய அதிகாரிகள் வந்து கன்று வாங்கிப் போனதாக ஒரு கதை அங்கே வழங்குகிறது. நம் மரங்களின் வழி போகோர், டெலி வழிதான், அதுவும் நம் நாடுகள் விடுதலை பெறுவதற்கு வெகு முன்பே. ஆனால் அந்தக் கதை முழுக்கக் காற்றில் கட்டியதும் இல்லை. 1973-இல் மலேசிய ஆராய்ச்சியாளர்கள் நைஜீரிய ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு அங்கே காட்டுச் செம்பனை வித்துகளைச் சேகரித்து வந்தார்கள். பிறகு மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் சேகரித்தார்கள். நம் மரத்தின் பரம்பரை ரொம்பக் குறுகியது, புது இரத்தம் தேவைப்பட்டது.

இன்னொரு கடன் இதைவிடப் பெரியது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலை செய்த பெண்களைக் கேளுங்கள், பூவுக்கு மாவு தூவிய கதையைச் சொல்வார்கள். நம் தோட்டங்களில் செம்பனைப் பூவில் மகரந்தச் சேர்க்கை தானாகச் சரியாக நடக்கவில்லை. ஆள் வைத்து மரம் மரமாகத் தூவினார்கள். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கேமரூனில் ஆராய்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத், அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன வண்டு என்று காட்டினார். அந்த வண்டை இங்கே கொண்டுவந்து 1981-இல் குளுவாங்கில் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. தூவும் வேலை போயே போய்விட்டது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மலேசியாவுக்கும் இடையே கையெழுத்தான எந்தத் தாளையும்விட அந்த வண்டு நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அதிகம் என்பது என் எண்ணம்.

சரி, மரம் அவர்களுடையது, அரிவாள் ஏன் நம்முடையது? அங்கே பழைய மரங்கள் உயரமாக, சிதறலாக நிற்கும். கயிற்று வளையத்தை இடுப்பில் மாட்டி ஏறி, கத்தியால் வெட்டி இறக்குவார்கள். வரிசையாக நட்டு, கீழே நின்றபடி கழியில் அரிவாளை மாட்டிக் குலையை இழுத்து வெட்டும் முறை பெருந்தோட்டத்தோடு வளர்ந்தது. அதற்கான இரும்பு வேலையில் நம் ஆட்கள் பல தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள். கானாவில் பெரிய தோட்டங்களும் உண்டு, ஆனால் செம்பனைப் பரப்பில் பெரும்பகுதி சிறு விவசாயிகளிடம்தான் இருக்கிறது. நாட்டுத் தேவைக்கு அவர்களுடைய எண்ணெய் போதாமல் வெளியிலிருந்து வாங்குகிறார்கள், அதில் நம் எண்ணெயும் போகிறது. அதனால் உள்நாட்டு விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்ற முனைப்பு அங்கே தொடர்ந்து இருக்கிறது. செம்பனை, முந்திரி, ரப்பர் போன்ற மரப்பயிர்களுக்கென்றே 2019-இல் சட்டம் போட்டு, குமாசி நகரத்தில் ஓர் ஆணையம் வைத்திருக்கிறார்கள். ஆக, நல்ல அரிவாளுக்கு அங்கே தேவை இருப்பது நியாயமானதே.

தேவை இருப்பது ஒன்று, உங்களிடம் பேசுகிறவர் நிஜமான வியாபாரியா என்பது வேறொன்று. அதைக் கண்டுபிடிக்க உங்கள் தொழிலையே பயன்படுத்துங்கள். அந்தத் தோட்டங்களில் மரத்துக்கு என்ன வயது, என்ன உயரம் என்று கேளுங்கள். இளமரத்துக்கு உளி, வளர்ந்த மரத்துக்கு அரிவாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 3,000 அரிவாளுக்கு 1,000 உளி என்று கேட்கிறவர், பெரும்பாலும் உயர்ந்த மரங்களுக்கு விற்கிறார் என்று அர்த்தம். "புதுசா நட்ட தோட்டங்களுக்கு" என்று பதில் சொன்னால் கணக்கு உதைக்கிறது. கழியின் குழாய் என்ன விட்டம், அரிவாளின் வளைவு எப்படி வேண்டும், இப்போது அங்கே எந்த அரிவாள் ஓடுகிறது, அதில் என்ன குறை என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் படம் எடுத்து அனுப்புவார், நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். ஏமாற்றுக்காரருக்கு விலையும் அவசரமும் தவிர வேறெதுவும் தெரியாது. அங்கே குலை அதிகம் வருவது ஆண்டின் முதல் பாதியில். உண்மையான வியாபாரிக்கு அதற்கு முன்னால் சரக்கு வேண்டும் என்ற கவலை இருக்கும். எப்போது வந்தாலும் சரி என்கிறவரைப் பற்றி இரண்டு தடவை யோசியுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி, உறவு. உங்கள் ஊர்ப் பிரமுகர் சொன்னது பொய்யில்லை. கானா 1957 மார்ச் 6-இல் விடுதலை பெற்றது, நாம் அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல். இரண்டும் காமன்வெல்த்தில் அருகருகே வந்து உட்கார்ந்த நாடுகள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராகத் நம் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் கானாவின் தலைவர் குவாமே என்குருமாவும் அந்த மன்றத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். 1961-இல் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அதே காலத்தில் காங்கோவில் ஐ.நா. படையில் இரு நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். கோலாலம்பூரில் அவர்களுக்குத் தூதரகம் உண்டு, அக்ராவில் நமக்கு உண்டு.

வளர்ச்சி உதவி என்று பார்த்தால், நாம் பணம் கொட்டிக் கொடுக்கும் நாடு இல்லை. 1980-இல் தொடங்கிய மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தில் மற்ற வளரும் நாடுகளின் அதிகாரிகளை இங்கே வரவழைத்துக் குறுகிய காலப் பயிற்சி தருகிறார்கள். நிர்வாகம், சுகாதாரம், விவசாயம் என்று பல துறைகள் அதில் உண்டு. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் நிறையப் பேர் வந்து போயிருக்கிறார்கள். செய்தித்தாளில் இது இரண்டு வரிகூட வராது. அமைச்சர்கள் கைகுலுக்கும் படத்துக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்குவார்கள். எனக்கென்னவோ, இங்கே சில வாரம் இருந்து செம்பனை ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன ஓர் அதிகாரியால் உங்களைப் போன்ற சப்ளையருக்குக் கிடைக்கும் நன்மை அந்தக் கைகுலுக்கலால் கிடைப்பதைவிட அதிகம்.

வணிகத்தில் எடை எங்கே விழுகிறது என்றால், இங்கிருந்து செம்பனை எண்ணெய், அங்கிருந்து கொக்கோ. கொக்கோ நம்மிடமும் ஒரு காலத்தில் அமோகமாக இருந்தது. கோலசிலாங்கூர் கரையோரம் தென்னைக்கு ஊடே கொக்கோ போட்டதை உங்கள் அப்பா பார்த்திருப்பார். 1990-இல் நாடு ஏறக்குறைய 247,000 டன் விளைவித்தது. அப்புறம் விலை விழுந்தது, காய்த்துளைப்பான் பூச்சி வந்தது, எல்லோரும் செம்பனைக்கு மாறிவிட்டார்கள். இப்போது நம் விளைச்சல் சில நூறு டன்தான். ஆனால் அரைக்கும் ஆலைகள் போகவில்லை. அவை ஆசியாவிலேயே பெரியவற்றில் சேர்ந்தவை. அவற்றுக்கு ஐவரி கோஸ்ட், கானா போன்ற இடங்களிலிருந்து கொட்டை வந்தாக வேண்டும். 2024-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் கெட்டு உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது ஜொகூரில் ஆலை வைத்திருப்பவர்களுக்கும் தூக்கம் போனது.

முதலீடும் உண்டு. அங்கே இன்றும் ஓடும் டிவி3 என்ற தனியார் தொலைக்காட்சி 1997-இல் நம் டிவி3-இன் பங்கோடு தொடங்கியது. கானாவின் கடல் எண்ணெய், எரிவாயு வயல் ஒன்றில் 2017 முதல் நிற்கும் மிதவை உற்பத்திக் கப்பல் யின்சன் நிறுவனத்துடையது. ஜொகூர் பாருவில் லாரி போக்குவரத்தில் தொடங்கிய கம்பெனி அது.

ஆனால் டெலிகாம் மலேசியாவின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1997-இல் கானா டெலிகாமில் 30 விழுக்காட்டுப் பங்கை 38 மில்லியன் டாலருக்கு அந்த நிறுவனம் முன்னின்ற கூட்டணி வாங்கியது. அப்போது உறவு மிக நெருக்கம். பிறகு கானாவில் ஆட்சி மாறியது, நிர்வாக உரிமையில் தகராறு வந்தது, வழக்கு ஹேக் நகரத்தில் நடுவர் மன்றத்துக்குப் போய், கடைசியில் சமரசத்தில் முடிந்தது. அங்கே அவர்களுக்குக் கைகொடுத்தது இரு நாடுகளும் 1996-இல் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை. அது முதலீட்டுக்கு. அந்த மண்ணில் பங்கோ ஆலையோ வைத்திருப்பவருக்கு. நீங்கள் பெட்டியில் அனுப்பும் அரிவாளுக்கான பில்லுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. "இரு நாட்டு ஒப்பந்தம் இருக்கிறது, பயப்படாதே" என்று யார் சொன்னாலும், எந்த ஒப்பந்தம், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதனால் தூதரகம் பணத்தை வாங்கித் தருமா என்றால், தராது. அவர்கள் கடன் வசூலிக்கும் ஆட்கள் இல்லை. நாட்டுறவு சம்பந்தி வீட்டு உறவு மாதிரி: கல்யாணத்துக்கு முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள், உங்கள் கடனைக் கட்ட வரமாட்டார்கள். ஆனால் பணம் போவதற்கு முன்னால் அவர்களால் நிறையச் செய்ய முடியும். அந்தக் கம்பெனியின் பதிவு எண், வரி எண், முகவரி, இயக்குநர் பெயர் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கானாவில் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது, பதிவைச் சரிபார்க்கலாம். அதே விவரங்களை நம் அரசாங்கத்தின் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான மேட்ரேட்டுக்கும் அக்ராவில் உள்ள நம் தூதரகத்துக்கும் அனுப்பி, இப்படி ஒரு நிறுவனம் அந்த முகவரியில் நடக்கிறதா என்று கேளுங்கள். மேட்ரேட்டில் ஏற்றுமதியாளராக இப்போதே பதிந்துகொள்ளுங்கள். சின்னப் பட்டறை என்று தயங்க வேண்டாம், உங்களைப் போன்றவர்களுக்காகவே 1993-இல் அந்த அமைப்பைத் தொடங்கினார்கள். கோலாலம்பூரில் இருக்கும் கானாத் தூதரகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அவர்களுக்கும் தங்கள் நாட்டு வியாபாரியின் பெயர் கெடாமல் இருப்பதில் அக்கறை உண்டு.

வரிச் சலுகை இல்லை. மலேசியாவுக்கும் கானாவுக்கும் இடையே தடையற்ற வணிக உடன்படிக்கை கிடையாது. மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகள் வெளிச் சரக்குக்குப் பொதுவான இறக்குமதி வரி வைத்திருக்கின்றன: 0, 5, 10, 20, 35 விழுக்காடு என ஐந்து அடுக்கு. உங்கள் அரிவாள் பெரும்பாலும் சுங்கக் குறியீடு 8201.90-இல் வரும். உளிக்கு எந்தக் குறியீடு என்பதை ஃபார்வர்டிங் ஏஜண்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே எந்த அடுக்கு, அதற்கு மேல் என்னென்ன கட்டணம் என்பதை வாங்குபவர் அவருடைய சுங்க ஏஜண்டிடம் கேட்டு எழுத்தில் தரட்டும். அது அவர் செலவு, நீங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆப்பிரிக்கக் கண்ட வணிக வட்டாரத்தின் தலைமையகம் அக்ராவில் இருப்பதைச் சொல்லி, கானாவுக்கு அனுப்பினால் கண்டம் முழுக்க வரியில்லாமல் விற்கலாம் என்று ஒருவர் வந்து சொல்வார். ஆப்பிரிக்காவில் தயாரான பொருளுக்குத்தான் அந்தச் சலுகை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த 90 நாள் தவணை வேண்டாம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், அப்போதும் வேண்டாம். 2022 டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அந்த மாதம் பணவீக்கம் 54.1 விழுக்காடு. அவர்களுடைய நாணயமான செடி (cedi) அந்த ஆண்டு மளமளவென்று சரிந்தது. 2023 மே மாதம் அனைத்துலக நாணய நிதியம் 3 பில்லியன் டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன்பிறகு தேறி வந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இதை அனுபவித்த வியாபாரிக்கு 90 நாளில் டாலர் என்ன விலை விற்கும் என்று தெரியாது. செடியில் விற்று டாலரில் உங்களுக்குக் கட்ட வேண்டும். நடுவில் செடி விழுந்தால் நல்ல மனிதர்கூடத் தொலைபேசியை எடுக்கத் தயங்குவார்.

முழுத் தொகைக்கும் பாதுகாப்பான வழி எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்). வாங்குபவரின் வங்கி, "இன்னின்ன தாள்களைக் காட்டினால் பணம் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கும் உறுதி அது. கானா வங்கியின் உறுதி மட்டும் போதாது. வெளியே பெயருள்ள இன்னொரு வங்கியோ உங்கள் வங்கியோ அதை உறுதிப்படுத்த வேண்டும், கன்ஃபர்ம்டு எல்.சி. என்பார்கள். அப்போது அங்கே டாலர் தட்டுப்பாடு வந்தாலும் உங்களுக்குப் பணம் இங்கே கிடைக்கும். எல்.சி. உங்கள் வங்கிக்கு, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக வர வேண்டும். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்தால் அது வெறும் படம்.

இதில் சின்னப் பட்டறைக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வங்கி அரிவாளைப் பார்க்காது, தாளைத்தான் பார்க்கும். எல்.சி.-யில் "3,000 பீஸ்" என்று இருந்து உங்கள் பில்லில் "300 பெட்டி" என்று மட்டும் இருந்தால், சரக்கு சரியாகவே போயிருந்தாலும் வங்கி தாளைத் திருப்பிவிடும். கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வம்பு. கப்பல் ஏற்றும் கடைசித் தேதியை உங்கள் பட்டறையின் வேகத்துக்கு ஏற்ப வைக்கச் சொல்லுங்கள். வரைவை வாங்கி, உங்கள் வங்கி அதிகாரியிடம் காட்டி, திருத்தம் இருந்தால் எல்.சி. திறப்பதற்கு முன்பே சொல்லுங்கள். தங்கச்சிதான் கணக்கு வழக்கு பார்ப்பவர் என்றால் இந்த வேலையை அவரிடம் விடுங்கள். நிதானமாக வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவருக்கான வேலை.

ஆனால் எல்.சி.-க்கு இரண்டு பக்கமும் செலவு உண்டு, சின்ன ஆர்டருக்குக் கட்டாது. அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆர்டரைப் பிரிப்பேன். முதலில் 300 அரிவாள், 100 உளி. இதற்கு முழுப் பணமும் முன்கூட்டி, வங்கி வழியாக. ஸ்லிப் படத்தை நம்பாமல், பணம் கணக்கில் விழுந்து வங்கி உறுதி சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும். "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டோம், மிச்சத்தை இந்தக் கணக்குக்குத் திருப்புங்கள்" என்று வந்தால் அது பழைய வித்தை, வங்கியிடம் சொல்லுங்கள். முதல் சரக்கு போய்ச் சேர்ந்து, மரத்தில் ஓடி, நல்ல பெயர் வாங்கினால் மிச்சத்துக்கு எல்.சி. பேசலாம். அதற்கும் வாங்குபவர் இழுத்தால், பாதி முன்பணம், மீதி அவருடைய வங்கியில் கட்டிய பிறகே கப்பல் தாள் அவர் கைக்குப் போகும் என்ற ஏற்பாடு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது: அவர் மீதியைக் கட்டாமல் கைவிட்டால் சரக்கு கானாவின் தேமா துறைமுகத்தில் கிடந்து வாடகை ஏறும். முன்பணம் உங்கள் இரும்புச் செலவு, கூலி, கப்பல் கூலி மூன்றையும் மூடும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான்.

தங்கச்சி சொன்ன கடன்: வெறும் ஆர்டரை நம்பி, கடையையோ வீட்டையோ அடகு வைத்து எடுக்க வேண்டாம். கன்ஃபர்ம்டு எல்.சி. கைக்கு வந்தால் நிலைமை வேறு. அதைக் காட்டி, ஏற்றுமதி இறக்குமதிக்கென்றே உள்ள எக்சிம் வங்கியின் ஏற்றுமதிக் கடன் திட்டத்தின்கீழ் உங்கள் வங்கியிடம் கேட்கலாம். இரண்டு மூன்று சுற்று நல்லபடியாக முடிந்து, நீங்களே தவணை கொடுக்க நினைக்கும் காலம் வந்தால் அதே எக்சிம் வங்கியில் ஏற்றுமதிக் கடன் காப்புறுதியும் உண்டு. இப்போதைக்கு அது தேவையில்லை.

சில்லறை வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலையைப் போர்ட் கிள்ளானில் கப்பல் ஏற்றும் வரை என்று சொல்லுங்கள், அதற்கு மேல் அவர் பாடு. சுங்கத்தின் ஏற்றுமதிப் பாரமான கே2-ஐ ஃபார்வர்டிங் ஏஜண்ட் போடுவார். கிள்ளானில் ஆப்பிரிக்க வழி தெரிந்தவராகப் பாருங்கள். மரப்பெட்டியில் அடைத்தால் வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியதற்கான முத்திரை உள்ள மரமாக இருக்க வேண்டும், இல்லையேல் பூச்சி பயத்தில் அங்கே நிறுத்துவார்கள். கடல் காற்றில் வெகுநாள் போகும் இரும்பு. எண்ணெய் தடவி, துரு தடுக்கும் தாளில் சுற்றி, விளிம்புக்கு உறை போடுங்கள். உள்ளூரில் கொடுப்பதுபோல் பழைய செய்தித்தாளில் கட்டி அனுப்பினால் துருப்பிடித்த அரிவாள்தான் உங்கள் முதல் விளம்பரமாகப் போகும்.

முத்திரைக்கு வருகிறேன். அடுத்தவர் முத்திரையைக் குத்திக் கொடுப்பது தவறில்லை, உலகம் முழுக்க நடக்கிறது. ஆனால் அந்த முத்திரை அவருடையதுதானா என்று முதலில் பாருங்கள். வேறு யாரோ பெயர் வாங்கி வைத்த முத்திரையைப் போலியாக அடிக்க உங்களைப் பயன்படுத்துகிறார் என்றால் வழக்கு உங்கள் வாசலுக்கும் வரும். கானாவில் அவர் பெயரில் பதிந்த சான்றைக் கேளுங்கள். அது சரியாக இருந்தால் அடுத்த சிக்கல் பணம். உங்கள் முத்திரை உள்ள அரிவாளை அவர் வாங்காமல் போனால் தஞ்சோங் காராங்கிலோ சபா பெர்ணமிலோ விற்றுவிடலாம். அவருடைய முத்திரை உள்ளதை யாரிடம் விற்பீர்கள்? ஆகவே முதல் 300 உங்கள் முத்திரையோடு போகட்டும். அவர் முத்திரை வேண்டும் என்றால் அந்தச் சரக்குக்கு முழு முன்பணமோ கன்ஃபர்ம்டு எல்.சி.-யோ வந்தாக வேண்டும், விலையும் கொஞ்சம் கூடும். அப்பா அடித்த முத்திரையை அங்கேயும் பதிந்து வைக்க விரும்பினால் வழி எளிது. மாட்ரிட் வணிகச் சின்ன ஏற்பாட்டில் கானா 2008-இல் சேர்ந்தது, மலேசியா 2019-இல் சேர்ந்தது. இங்கே வணிகச் சின்னங்களைப் பதியும் மைஐபிஓ அலுவலகத்தில் முதலில் பதிந்துவிட்டு, அங்கிருந்தே கானாவையும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். இங்கேயே இன்னும் பதியவில்லை என்றால், கானாவுக்கு மாதிரி அனுப்புவதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.